ஏ-யில் ஒரு 12 பார் ப்ளூஸ்: பேஸ் கிட்டாரில் எட்டு வார வேலை

ப்ளூஸ் பேஸில் கை வைக்கிற எல்லோரும் முதலில் தேடுவது, எந்தெந்த சுரத்தை வாசிப்பது என்பதைத்தான். அது அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். மூன்று கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), ஐந்து சுரம், 12 பார் (நான்கு பீட் சேர்ந்தால் ஒரு பார்), அவ்வளவுதான். எல்லாம் சரியாக விழுந்த பிறகும் கேட்டால் ப்ளூஸ் மாதிரி இருக்காது. பெரும்பாலும் அதற்கு ஒரே காரணம்தான்: ஒவ்வொரு சுரமும் வேண்டியதைவிட நீளமாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

1950-களில் சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில், ப்ளூஸ் பாடகர்களான மடி வாட்டர்ஸுக்கும் ஹவ்லின் வுல்ஃபுக்கும் வில்லி டிக்சன் வாசித்தது ஆளுயர டபுள் பேஸ். விரலால் மீட்டினால் 'தும்' என்று எழும்பி, அடுத்த அடிக்குள் தானே அடங்கிவிடும் கருவி அது. ஃபெண்டர் நிறுவனத்தின் எலக்ட்ரிக் பேஸான பிரிசிஷன் பேஸ் வந்தது 1951-ல். சிகாகோ ப்ளூஸில் அதை முதலில் எடுத்தவர்களில் ஒருவர் ஏசஸ் குழுவின் டேவ் மையர்ஸ். அதற்கு முன் அவர் சாதாரண கிட்டாரின் தடித்த கம்பிகளிலேயே பேஸ் வரியை வாசித்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரிக் பேஸில் ஒரு சுரம் பல விநாடி நிற்கும். டபுள் பேஸ் தானாகச் செய்து தந்த 'அடங்குதலை' இங்கே வாசிப்பவரின் கைதான் செய்ய வேண்டும். கீழே வரும் எட்டு வாரமும் அந்தக் கைக்கான பயிற்சி. ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) கணக்கும் விரல் கணக்கும் அதற்காகத்தான்.

இலக்கு இரண்டு. ஏ சுருதியில் 100 வேகத்தில் (நிமிடத்துக்கு 100 பீட்) மூன்று சுற்று ஷஃபிள் (துள்ளல் நடை), டர்ன்அரவுண்டோடு (சுற்றை மறுபடி முதலுக்குத் திருப்பும் கடைசி இரண்டு பார்) நிற்காமல் வாசிப்பது ஒன்று. 60 வேகத்தில் ஒரு ஸ்லோ ப்ளூஸ் சுற்று இன்னொன்று. நாளுக்கு 30 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது பல மடங்கு பலன் தரும். முதல் இரண்டு வாரத்துக்கு விரல்நுனி தோல் 30 நிமிடத்துக்கு மேல் தாங்கவும் தாங்காது.

ஏன் ஏ? புதியவர்களுக்கு ஜி-யைத்தான் பலர் சொல்லித் தருகிறார்கள். கம்பி நீளம் 34 அங்குலமுள்ள பேஸில் ஜி-யின் விரல் பெட்டி (கை நகராமல் விரல்கள் எட்ட வேண்டிய ஃப்ரெட்கள்) 2-லிருந்து 5-ஆம் ஃப்ரெட் வரை, அதாவது சுமார் 122 மி.மீ. விரிய வேண்டும். ஏ-யில் அதே பெட்டி 4-லிருந்து 7 வரை, 109 மி.மீ.தான். சுண்டுவிரலுக்கு அந்த 13 மி.மீ. பெரிய வித்தியாசம். கிட்டார் வாசிப்பவர்களும் ஏ-யையும் இ-யையும் விரும்புவார்கள் என்பதால் பிறகு குழுவில் உட்காரும்போதும் இதுவே உதவும். நம் கணக்கில் இது ஆறு கட்டை.

முதல் இரண்டு நாள்: கருவியைச் சரிசெய்வது

கம்பி உயரம் சரியில்லாத பேஸில் சுரத்தின் நீளத்தைக் கட்டுப்படுத்த முடியாது. உயரம் அதிகமென்றால் அழுத்தவே பலமெல்லாம் போய்விடும், நேரத்துக்கு விட முடியாது. தாழ்வென்றால் ஃப்ரெட்டில் உரசி இரையும். தேவைப்படுபவை: ட்யூனர், மில்லிமீட்டர் ஸ்கேல், ஆலன் கீ செட் (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டான சேடிலின் திருகுக்குப் பெரும்பாலும் 1.5 மி.மீ. பொருந்தும்), ஒரு விசிட்டிங் கார்டு.

வரிசையை மாற்றக்கூடாது. முதலில் இ, ஏ, டி, ஜி என்று ட்யூன் செய்யுங்கள். அடுத்து நெக்கின் வளைவு. இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 7 அல்லது 8-ஆம் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். 0.3 மி.மீ. இருந்தால் சரி, விசிட்டிங் கார்டு லேசாக உரசி நுழையும். அதைவிட அதிகமென்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டு) வலப்பக்கமாக இறுக்க வேண்டும், இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கமாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருப்பியதும் மறுபடி ட்யூன் செய்து, சில மணி நேரம் விட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. கீ சரியாக உட்காராமல் வழுக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். தலை உருண்டுபோன ட்ரஸ் ராடைச் சரிசெய்யும் செலவு மலிவு பேஸின் விலையைத் தொடும்.

பிறகு சேடில் திருகால் கம்பி உயரம். 17-ஆம் ஃப்ரெட்டின் மேல் இ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. வைத்துத் தொடங்கலாம். ப்ளூஸுக்கு இதைவிடத் தாழ்த்துவதில் லாபமில்லை என்பது என் உறுதியான கருத்து. கடைசியாக, 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலி) அழுத்திய சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று ட்யூனரில் பாருங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி நின்றால் நெக் பக்கம் கொண்டுவாருங்கள்.

இனி ஸ்பாஞ்ச். 1950-களின் ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்குள்ளேயே நுரைத் துண்டு வைத்துத்தான் வந்தது. கம்பிகளும் தட்டைச் சுற்றுக் கம்பிகள். தட்டைக் கம்பி விலை அதிகம், அதற்குக் காத்திருக்க வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை எடுத்து, பச்சை நாரை உரித்து எறிந்துவிட்டு, மஞ்சள் பகுதியை 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள். பிரிட்ஜை ஒட்டி, கம்பிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து, அதைவிட 2 மி.மீ. மட்டும் தடிமன் கூடுதலாக இருக்கும்படி சீவிச் செருகுங்கள். நான்கு கம்பியும் மீட்டியதும் 'தும்' என்று எழுந்து ஒரு விநாடிக்குள் தேய வேண்டும். 'தக்' என்று மரக்கட்டை மாதிரி கேட்டால் துண்டு தடிமன், இன்னும் சீவ வேண்டும். தடிமன் மிஞ்சினால் கம்பியை மேலே தள்ளி சுருதியும் ஏறும், அதனால் செருகிய பிறகு ஒருமுறை ட்யூனரைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்பாஞ்ச் ஊன்றுகோல் மாதிரி. நான்காம் வாரத்தில் அதை எடுத்துவிட வேண்டும். எப்படி ஒலிக்க வேண்டும் என்று காது முதலில் பழகட்டும் என்பதற்காகத்தான் இது.

முதல் வாரம்: ரூட் மட்டும்

12 பாரின் வரைபடம் இது. எழுத்து அந்தப் பாரின் கார்டைக் குறிக்கும், ரூட் என்பது அந்தக் கார்டின் ஆதார சுரம். ஒவ்வொரு பாரும் நான்கு பீட்.

ஏ | ஏ | ஏ | ஏ
டி | டி | ஏ | ஏ
இ | டி | ஏ | இ

தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு சுலபவழி உண்டு. 12 பார் என்றால் 48 பீட், ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம். ஒரு ஆவர்த்தனத்துக்கு இரண்டு பார். ஆவர்த்தனம் 1, 2 முழுக்க ஏ. 3 முழுக்க டி. 4 முழுக்க ஏ. 5-ல் பாதி இ, பாதி டி. 6-ல் பாதி ஏ, பாதி இ. பார்களை 12 வரை எண்ணி இடம் தொலைப்பவர்கள் இந்த ஆறில் தொலைப்பதில்லை. ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்க வேண்டும். ஆதி தாளத்தில் நம் கனம் தட்டில் விழுகிறது. ப்ளூஸில் ஸ்னேர் டிரம் 2-லும் 4-லும் விழும். அதாவது லகுவில் சுண்டுவிரலிலும் நடுவிரலிலும், திருதங்களில் வீச்சுகளிலும். வீச்சில் கனம் கேட்கப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். பேஸைத் தொடாமல் தாளம் மட்டும் போட்டு, பழைய சிகாகோ பதிவுகளை ஓடவிட்டுப் பழகுவது நல்லது.

ரூட்கள்: ஏ என்பது இ-5 (இ கம்பியில் 5-ஆம் ஃப்ரெட், இனி எல்லாமே இப்படித்தான்). டி என்பது ஏ-5. இ என்பது ஏ-7. மெட்ரோனோமை (பீட்டைத் தட்டிக் காட்டும் கருவி) 60-ல் வைத்து, பீட்டுக்கு ஒன்றாக ரூட்டை மட்டும் வாசியுங்கள். முதல் மூன்று நாள் ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரம் தொடங்கும்வரை முழுதாக நிற்கட்டும். நான்காம் நாளிலிருந்து, 1-லும் 3-லும் மட்டும் வாசித்து 2-லும் 4-லும் சரியாக நிறுத்துங்கள். ஸ்னேர் விழும் நொடியில் பேஸ் அடங்க வேண்டும். தொடங்கும் இடம் மெட்ரோனோமோடு ஒட்டிப்போவது சீக்கிரம் வந்துவிடும். முடியும் இடத்தையும் அப்படியே ஒட்டவைப்பதுதான் இந்த வாரத்தின் முழு வேலை.

இங்கேதான் எல்லோரும் ஒரு இடத்தில் மாட்டுகிறார்கள். சுரத்தை நிறுத்த இடது கை விரலைக் கம்பியிலிருந்து முழுக்க எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்தி விரலைக் கம்பிமேல் வைத்திருக்க வேண்டும். செய்து பாருங்கள்: இ-5-ல் ஏ-யை மீட்டி, விரலைத் தளர்த்தினால் சுரம் நிற்கும், ஆனால் அதன் இடத்தில் மணி அடித்தது மாதிரி 'டிங்' என்று ஒரு மெல்லிய உச்ச ஒலி மிதக்கும். விரல் லேசாகத் தொட்டிருக்கும் இடம் கம்பியின் கால் பங்கு, அதாவது ஹார்மானிக் புள்ளி. அடிச்சுரம் செத்தாலும் அந்தப் புள்ளியில் அசையாத அதிர்வு பிழைத்துக்கொள்கிறது. ஏ-யின் பெட்டிக்கு வாய்த்த சங்கடம் என்னவென்றால், 4, 5, 7 என்ற அதன் மூன்று ஃப்ரெட்டுமே ஹார்மானிக் புள்ளிகள். 5 கால் பங்கு, 7 மூன்றில் ஒன்று, 4 கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. ஆகவே ஒரு விரலால் அடக்கவே முடியாது. நடுவிரல் தளரும் அதே நொடியில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் அதே கம்பிமேல் தட்டையாகச் சாய வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் தொட்டால் எந்த ஹார்மானிக்கும் உயிரோடிருக்காது. ஹெட்போனில் கேட்டால்தான் இந்த 'டிங்' தெளிவாகத் தெரியும். குழுவில் வாசிக்கும்போது தனியாகக் கேட்காது, ஆனால் ஒவ்வொரு இடைவெளியையும் கலங்கலாக்கிக்கொண்டிருக்கும்.

ஹெட்போன் என்றதும் இன்னொன்று. இ கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55. ஃபோன் ஸ்பீக்கரால் இவற்றைத் தரவே முடியாது. நாம் கேட்பது மேல் அதிர்வுகளை மட்டும்தான். வாசித்ததைப் பதிவு செய்து கேட்பதென்றால் ஹெட்போன் இல்லாமல் கேட்காதீர்கள்.

இரண்டாம் வாரம்: பெட்டி

பூகி-வூகி பியானோக்காரர்களின் இடது கை உருட்டிய வரிதான் பேஸுக்கு வந்தது. ரூட், மூன்றாவது, ஐந்தாவது, ஆறாவது, ஃப்ளாட் ஏழாவது, அங்கிருந்து வந்த வழியே இறக்கம். சுரமாகச் சொன்னால் ஸ க3 ப த2 நி2 த2 ப க3. ஹரிகாம்போதியின் சுரங்கள்தான், ரி-யும் ம-வும் இல்லாமல்.

ஏ-யில்: இ-5 நடுவிரல், ஏ-4 சுட்டுவிரல், ஏ-7 சுண்டுவிரல், டி-4 சுட்டுவிரல், டி-5 நடுவிரல். பிறகு டி-4, ஏ-7, ஏ-4 என்று திரும்புகிறது. பீட்டுக்கு ஒன்றாக எட்டு சுரம், இரண்டு பார். பெருவிரல் நெக்கின் பின்னால் நடுவிரலுக்கு நேர் எதிரே இருக்கட்டும், மணிக்கட்டு மடியாமல் நேராக இருக்கட்டும். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். விரல்நுனி எரிச்சல் பரவாயில்லை, மணிக்கட்டு வலி அப்படியல்ல. பெரும்பாலும் பட்டையை உயர்த்திக் கட்டினாலே சரியாகிவிடும்.

வலது கைக்கும் ஒழுங்கு உண்டு. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும், ஆனால் தடித்த கம்பியை நோக்கித் திரும்பும்போது மட்டும் அதே விரலே சறுக்கி அடுத்த கம்பியை மீட்ட வேண்டும். எட்டு சுரத்துக்கும் கணக்கு இப்படி வரும்: சுட்டு, நடு, சுட்டு, நடு, சுட்டு, நடு, மறுபடி நடு, சுட்டு. அடுத்த சுற்றின் முதல் சுரத்துக்கும் அதே சுட்டுவிரல் ஏ கம்பியிலிருந்து இ கம்பிக்குச் சறுக்கும். ஆகவே ஒவ்வொரு சுற்றும் ஒரே விரலில் தொடங்கும், தடுமாற்றமே இருக்காது. மீட்டிய விரல் காற்றில் நிற்காமல் அடுத்த தடித்த கம்பிமேல் வந்து சாய்வதைக் கவனியுங்கள். அந்தச் சாய்வுதான் அந்தக் கம்பியை அமைதியாக்குகிறது. ஏ கம்பியிலோ டி கம்பியிலோ இருக்கும்போது பெருவிரல் பிக்கப்பை விட்டு இ கம்பிமேல் இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் தொடாத இ கம்பி தானாகவே அதிர்ந்து உறுமும்.

பலமாக மீட்டுவது இன்னொரு தவறு. பலமாக இழுத்தால் கம்பி தொடக்கத்தில் சுருதி ஏறி, ஃப்ரெட்டில் மோதி, பிறகுதான் இறங்கி நிற்கும். ஆம்ப்பில் வால்யூமைக் கூட்டி, கையைத் தளர்த்துங்கள்.

மூன்றாம் வாரம்: பெட்டியை நகர்த்துவது

டி-க்கு அதே பெட்டி ஒரு கம்பி தள்ளி: ஏ-5, டி-4, டி-7, ஜி-4, ஜி-5. கை நகரவே வேண்டாம். இ-க்கு அதை இரண்டு ஃப்ரெட் மேலே: ஏ-7, டி-6, டி-9, ஜி-6, ஜி-7.

9, 10-ஆம் பார்களில்தான் எல்லோரும் விழுகிறார்கள். அதுவரை எட்டு சுரம் ஏறி இறங்கிப் பழகிய கைக்கு, இங்கே இ-க்கு நான்கு சுரம், டி-க்கு நான்கு சுரம்தான் கிடைக்கிறது. ஏற்றம் மட்டும் இரண்டு முறை. கை தன்னையறியாமல் இ-யிலேயே இறங்கத் தொடங்கிவிடும். முழுச் சுற்றை மறுபடி மறுபடி வாசித்தால் இது சரியாகாது. 8-லிருந்து 11-ஆம் பார் வரை மட்டும் வெட்டி எடுத்து 20 முறை வாசியுங்கள்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். நமக்கு ஸட்ஜம் அசையாது. டி வந்தாலும் காது ஏ-யையே ஸ என்று பிடித்துக்கொண்டிருக்கும். டி பெட்டியின் நி2 என்பது சி. அதை ஏ-யிலிருந்து பார்த்தால் க2. முந்தைய பாரில் க3 ஆகிய சி ஷார்ப்பைக் கேட்ட காதுக்கு இப்போது க2 விழுகிறது. ப்ளூஸின் கசப்புக்குப் பாதிக் காரணம் இந்த உரசல்தான், அதனால் இதைத் தவறென்று நினைத்துத் தவிர்க்காதீர்கள். மறதியில் டி-யின் மேல் சி ஷார்ப்பை வாசித்தால்தான் தவறு. பாட்டு சட்டென்று வேறு எங்கோ போனது மாதிரி இருக்கும்.

நான்காம், ஐந்தாம் வாரம்: ஷஃபிள்

ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள். முதல் நாள் எல்லாம் குழம்பும், பரவாயில்லை.

ஷஃபிள் என்பது திஸ்ர நடை. பீட்டை 'தகிட' என்று மூன்றாகப் பிரித்து, த-விலும் ட-விலும் மட்டும் மீட்ட வேண்டும். 100 வேகத்தில் ஒரு பீட் 600 மில்லி விநாடி, ஒவ்வொரு அட்சரமும் 200. இதில் கெடுவது எப்போதும் ஒரே மாதிரிதான். விரல் களைத்ததும் ட பின்வாங்கி, 'தகதிமி'-யின் த-வும் மி-யும் ஆகிவிடும். காதுக்கு ராணுவ அணிவகுப்பு மாதிரி விறைப்பாக இருக்கும். வாயால் 'தகிட தகிட' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ரூட்டில் மட்டும் வாசித்தால் அது மீளும். வாயில் நடை சரியாக இருக்கும்போது கை தப்புவது கடினம். மிக வேகமான பாட்டுகளில் இந்த 2:1 கணக்கு மெல்லச் சமமாகிக்கொண்டு வரும், 100-ல் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

சுரத்தின் நீளத்தை இங்கே இரண்டு விதமாக வைக்கலாம். த-வில் மீட்டி ட வரும்வரை, 400 மில்லி விநாடியும் ஒலிக்கவிட்டால் கனமாக உருளும். த-வில் மீட்டி 'கி' தொடங்கியதும் அடக்கி, ட-வைக் குட்டையாக வைத்தால் துள்ளும். சுரங்கள், வேகம், விரல் எல்லாம் ஒன்றேதான், இரண்டு வேறு பாட்டுகளாகக் கேட்கும். ஒரு சுற்று அப்படி, ஒரு சுற்று இப்படி என்று மாற்றி மாற்றி வாசிப்பதைவிட நல்ல பயிற்சி இந்த எட்டு வாரத்தில் இல்லை. நடுச்சுற்றில் மாற்றக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

சரிபார்க்க ஒரு வழி: ஃபோனில் பதிவு செய்து, கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, நான்கு பாரைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் ஒரு மீன் மாதிரி தெரியும், தலை பருத்து வால் மெலிந்து. வால் சட்டென்று வெட்டுப்பட்டு அடுத்த தலைக்கு முன் ஒரு தட்டையான கோடு இருந்தால் அடக்கம் சரி. வால் தேய்ந்துகொண்டே அடுத்த தலையில் போய் ஒட்டினால், எந்த சுரத்தில் ஒட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சுண்டுவிரல் வாசிக்கும் ஏ-7 ஆகத்தான் இருக்கும். சுண்டுவிரலுக்குப் பின்னால் துணைக்குச் சாய வேறு விரல் இல்லை, அதனால் அங்கே அடக்குவது முன்னால் இருக்கும் மோதிரவிரலும் நடுவிரலும்தான். அந்த ஒரு சுரத்தை மட்டும் தனியாக நூறு முறை மீட்டி அடக்குங்கள்.

மெட்ரோனோமை இப்போது பாதியாக்குங்கள். 100 வேகத்துக்கு 50-ல் வைத்து, அந்த ஒலியை 2, 4 என்று எண்ணுங்கள். ஸ்னேரோடு வாசிப்பது மாதிரியே இருக்கும். வேகம் ஓடுகிறதா என்று பார்க்க, 80 வேகத்தை நான்கு பார் கேட்டுவிட்டு மெட்ரோனோமை அணைத்து, ஸ்டாப்வாட்சைத் தட்டி மூன்று சுற்று வாசியுங்கள். சுற்றுக்கு 36 விநாடி, மொத்தம் 108 வர வேண்டும். 102-ல் முடிந்தால் வேகம் 85-ஐத் தொட்டிருக்கிறது. இரண்டு மூன்று விநாடி விலகல் பெரிய குறையில்லை. ஓடுவது எங்கே என்று பார்த்தால் பெரும்பாலும் 9, 10-ஆம் பார்தான்.

ஆறாம் வாரம்: கார்டுக்குக் கார்ட் நடந்து போவது

பாரின் கடைசி ஒன்றிரண்டு சுரத்தை மட்டும் மாற்றி, முடிவை வரப்போகும் ரூட்டுக்கு ஒரு ஃப்ரெட் பக்கத்தில் வைத்தால் போதும், வரி நடக்கத் தொடங்கிவிடும். கை நகராமல் கிடைப்பவை இவை. 4-ஆம் பாரிலிருந்து டி-க்கு: இ-5, ஏ-4, ஏ-7, ஏ-6, பிறகு ஏ-5. 6-ஆம் பாரிலிருந்து ஏ-க்கு: ஏ-5, டி-4, இ-7, இ-6, பிறகு இ-5. 8-ஆம் பாரிலிருந்து இ-க்கு: இ-5, ஏ-4, ஏ-5, ஏ-6, பிறகு ஏ-7. கடைசியில் மட்டும் ஏ-7-ஐ நடுவிரலால் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இ பெட்டிக்கு விரல் எட்டாது. மோதிரவிரல் ஏ-6-ல் இருக்கும்போதே கை மேலே கிளம்பிவிட வேண்டும்.

டர்ன்அரவுண்டும் இதே ஏற்றம்தான். 11-ஆம் பாரில் இ-5, ஏ-4, ஏ-5, ஏ-6. 12-ஆம் பாரின் முதல் பீட்டில் ஏ-7, இம்முறை சுண்டுவிரலால், ஏனென்றால் கை இங்கேயே இருக்கப்போகிறது. அதை மூன்று பீட் நிற்கவிட்டு, நான்காவதில் இ-4 ஆகிய ஜி ஷார்ப், அடுத்த சுற்றின் முதலில் ஏ. ஏறும்போது நான்கு சுரத்தையும் சம நீளத்தில் வையுங்கள். டி ஷார்ப்பில் பதற்றப்பட்டு அதைக் குட்டையாக்குவது எல்லோரும் செய்வது.

நடக்கத் தெரிந்ததும் எல்லாப் பாரிலும் நடக்கக் கை அரிக்கும். வேண்டாம். கார்ட் மாறும் இடத்துக்கு முந்தைய பாரில் மட்டும் போதும்.

ஏழாம் வாரம்: ஸ்லோ ப்ளூஸ்

60 வேகம், பாருக்கு நான்கு தகிட, 12 துடிப்பு. ஒரு சுற்றுக்கு 48 விநாடி. தொடங்க ஒரு வரி: முதல் பீட்டில் ஏ, இரண்டாவதின் ட-வில் மறுபடி ஏ, மூன்றாவதில் சி ஷார்ப், நான்காவதில் இ, அதன் ட-வில் எஃப் ஷார்ப். வேகத்தில் மறைந்துபோகும் குறையெல்லாம் இங்கே வெளியே வரும். ஒரு துடிப்பே 333 மில்லி விநாடி, அதனால் ஒரு சுரம் எங்கே நிற்கிறது என்பது ஒவ்வொருவருக்கும் கேட்கும். பாடுபவர் பேசும் இடத்தில் முதல் ஏ-யை நீட்டிப் பிடியுங்கள். அவர் நிறுத்தி, கிட்டார் பதில் சொல்லும் இடத்தில் சுரத்தைக் குட்டையாக்குங்கள்.

எட்டாம் வாரம்: ஆட்களோடு

வாசிக்கத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இரண்டாம் பாரிலேயே டி-க்குப் போகிறோமா, இல்லையா? பல பாட்டுகளில் போவார்கள். கேட்காமல் தொடங்கினால் முதல் சுற்றிலேயே மோதும். ஹார்மோனிகா வாசிப்பவர் இருந்தால் அவர் கையில் இருக்கும் கருவியின் எழுத்தைப் பாட்டின் எழுத்தென்று நம்பிவிடக் கூடாது. ப்ளூஸில் அவர்கள் பெரும்பாலும் கருவியின் ஐந்தாவது சுரத்தை ஆதாரமாக வைத்து வாசிப்பார்கள். டி ஹார்ப் (ஹார்மோனிகாவைத்தான் இப்படிச் சொல்வார்கள்) என்றால் பாட்டு ஏ-யில், ஏ ஹார்ப் என்றால் இ-யில். ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வானின் பதிவுகளோடு சேர்ந்து வாசிக்க முயல்கிறவர்கள் நான்கு கம்பியையும் அரை சுரம் இறக்கிக்கொள்ள வேண்டும். அவரது குழுவின் ட்யூனிங் அப்படி.

ஆம்ப்பில் பேஸ் குமிழை நடுவிலேயே விடுங்கள், மிட் கொஞ்சம் கூட, ட்ரெபிள் கொஞ்சம் குறைய, கருவியின் டோன் பாதி. அறையின் மூலையில் ஆம்ப்பை வைத்தால் கீழ்ச்சுரங்கள் பொங்கி, கையால் செய்த அடக்கமெல்லாம் அறையின் முழக்கத்தில் கரைந்துவிடும். சுவரிலிருந்து ஒரு மீட்டர் நகர்த்திப் பாருங்கள். கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் சத்தமாக வாசிக்காதீர்கள், ஸ்பீக்கர் கிழியும்.

டிரம்மரின் வலது காலைப் பாருங்கள். அது மிதிக்கும் டிரம்மில் பேஸின் தொடக்கம் இருக்கிறது. இடது கையைப் பாருங்கள், அந்த ஸ்னேரில் பேஸின் முடிவு இருக்கிறது.

கடைசிச் சுற்றில் டர்ன்அரவுண்ட் மாறும். 11-ஆம் பாரில் அதே ஏற்றம், 12-ல் இ, பிறகு இ-6 ஆகிய பி ஃப்ளாட், உடனே இ-5 ஆகிய ஏ. அந்த பி ஃப்ளாட்டைக் குட்டையாக வெட்டுங்கள். ஏ-யை விடாமல் பிடித்துக்கொண்டு கிட்டார்காரரின் கையைப் பாருங்கள். டிரம்மர் சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்தும் நொடியில் இடது கை விரல்கள் தளர்ந்து இ கம்பிமேல் சாய, வலது உள்ளங்கை நான்கு கம்பிமேலும் இறங்கட்டும்.